தரை வீடுகளுக்கு நடுவே ஒரு கல்லறைப் பூங்கா

சிங்கப்பூரில் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து தங்கும் பெற்றோர்களுக்கு முதல் வாரம் போவதே தெரியாது. மெர்லயன் சிலை, மரினா விரிகுடா, சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன், சற்றுத் தள்ளிச் சீனிவாசப் பெருமாள், முஸ்தபா பேரங்காடியில் பாதி நாள் என்று அது தானாகவே நிரம்பிவிடும். இரண்டாம் வாரம்தான் கையைப் பிசைய வைக்கும். மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட, பேத்தி பள்ளிக்குப் போய்விட, பத்தாவது மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்ப்புற அடுக்குமாடியில் காயும் துணிகளை எத்தனை நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது? அப்படி ஒரு பிற்பகலில் நான் போய் வந்த இடம், ஹவ்காங் பக்கம் சுவான் ஹோ அவென்யூவில் இருக்கும் ஜப்பானியக் கல்லறைப் பூங்கா. கூட்டமும் கட்டணமும் இல்லாமல், நிழலும் உட்கார இடமும் உள்ள ஒரு பூங்காவைத் தேடுகிறவர்கள் தாராளமாகப் போகலாம். ஆனால் எதையும் தெரிந்துகொள்ளாமல் போனால் நன்றாகப் பராமரித்த புல்வெளி ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள் என்பதால், அங்கே யார் யார் படுத்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முந்தைய இரவு திட்டத்தைச் சொன்னதும் சம்பந்தியம்மா, "இடுகாட்டுக்கு யாராவது வேடிக்கை பார்க்கப் போவாங்களா, சம்பந்தி?" என்று கேட்டார்கள். திரும்பி வந்ததும் நேரே குளியலறைக்குப் போவதாக வாக்குக் கொடுத்த பிறகுதான் பேச்சு வேறு பக்கம் திரும்பியது.

பெருவிரைவு ரயிலில் வடக்கு-கிழக்குப் பாதையில் கோவன் நிலையத்தில் இறங்கினேன். அங்கிருந்து நடந்தால் எனக்கு அரை மணி நேரம் ஆகும் என்று கைபேசி காட்டியது. வெயிலைப் பார்த்துவிட்டு வாடகைக் கார் பிடித்தேன். ஓட்டுநர் வேறொரு கிளைச் சாலையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். அது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் பூங்காவுக்கு முன்னால் அதன் அக்கம்பக்கத்தைப் பார்க்க முடிந்தது. சிங்கப்பூர் என்றதும் நம் மனதில் எழும் உயர்ந்த கட்டடம் ஒன்றுகூட அங்கில்லை. இரண்டு மாடி, மூன்று மாடித் தரை வீடுகள், வாசலில் தொட்டிச் செடிகள், இரும்புக் கதவுக்குள் குரைக்காமல் எட்டிப் பார்க்கும் நாய், ஒரு வீட்டு முகப்பில் சிவப்புச் சாமி மாடம், கார் நிறுத்தும் இடத்தில் உலர வைத்த குடை. பெரிய சாலையான இயோ சூ காங் சாலையின் இரைச்சல் இரண்டு திருப்பத்தில் அடங்கிவிடுகிறது. வீடுகளின் வரிசை ஓரிடத்தில் நிற்க, அங்கே பூங்காவின் வாயில் திறந்திருக்கிறது. எதிர்வீட்டுக்காரர் தம் மாடியில் நின்று பல் துலக்கினால் கண்ணில் படுவது கல்லறைகள்தான். நம் ஊரில் அந்த மனையை விற்க முடியுமா என்று யோசித்துக்கொண்டே உள்ளே போனேன்.

முதல் பார்வையில் இது பூங்காவேதான். பந்தல்போல் வளைத்துவிட்ட காகிதப்பூக் கொடிகளுக்குக் கீழே நடைபாதை. இரண்டு பக்கமும் ஒட்ட வெட்டிய புல். பழைய லைச்சி மரமும், இந்தப் பகுதி முழுவதும் ஒருகாலத்தில் தோட்டமாக இருந்ததை நினைவூட்டும் ரப்பர் மரங்களும். ஏறக்குறைய 29,000 சதுர மீட்டர், அதாவது நம் கணக்கில் ஏழு ஏக்கருக்குச் சற்றுக் கூடுதலான இடத்தில் 910 கல்லறைகள் இருக்கின்றன. தென்கிழக்கு ஆசியாவில் இருக்கும் ஜப்பானியக் கல்லறைத் தோட்டங்களில் இதுவே பெரியது என்கிறார்கள். எண்ணிக்கையைக் கேட்டால் நெருக்கமாக இருக்கும் என்று தோன்றும், அப்படி இல்லை. நான் இருந்த இரண்டு மணி நேரத்தில் நாயுடன் வந்த ஒரு சீனப் பெண்மணி, ஓடிப் பழகும் இளைஞர் ஒருவர், மலர்க்கொத்துடன் வந்த ஜப்பானியத் தம்பதி, பின்னால் சொல்லப்போகும் ஒருவர் ஆகியோர் தவிர வேறு யாரையும் பார்க்கவில்லை. குயில் மட்டும் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது.

இந்த இடத்தின் தொடக்கத்தைத் தெரிந்துகொள்ள 1891-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அன்றைய சிங்கப்பூரில் இருந்த ஜப்பானியர்களில் பெரும்பாலோர் வணிகர்களோ அதிகாரிகளோ அல்லர். விலைமகளிர் விடுதிகளில் இருந்த பெண்கள். கியூஷூ தீவின் அமகுசா, ஷிமபரா போன்ற வறிய பகுதிகளிலிருந்து, பெற்றோர் வாங்கிய சிறு தொகைக்காகவோ, வேலை என்று சொன்ன தரகரின் பேச்சை நம்பியோ கப்பலேறி வந்தவர்கள். அயல்நாட்டுக்குப் போனவள் என்ற பொருளில் 'கராயுகி-சான்' என்று அவர்களை அழைத்தார்கள். பதினைந்து பதினாறு வயதில் வந்து, நோயில் விழுந்து, இருபது சொச்ச வயதில் இறந்துபோன அந்தப் பெண்களின் உடலை ஏற்க உறவும் இல்லை, புதைக்க இடமும் இல்லை. ஃபுதாகி தகாஜிரோ என்னும் விடுதி உரிமையாளர் தம் தோட்ட நிலத்தில் ஒரு பகுதியைக் கொடுக்க, அவரும் வேறு இருவருமாகக் காலனி அரசிடம் அனுமதி பெற்று இந்த இடுகாட்டை அமைத்தார்கள். அந்தப் பெண்களை வைத்துப் பிழைத்தவர்களே அவர்களுக்கு ஆறடி மண்ணும் தேடிக் கொடுத்தார்கள் என்பதைப் புண்ணியக் கணக்கில் வைப்பதா, வேறெந்தக் கணக்கில் வைப்பதா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அவர்களுடைய கற்களைத்தான் முதலில் போய்ப் பார்க்க வேண்டும் என்பேன். வாயிலில் நுழைந்தவர்கள் பெரும்பாலும் கண்ணைப் பறிக்கும் பெரிய நினைவுத் தூண்களை நோக்கிப் போய்விடுகிறார்கள்; இந்தக் கற்களோ முழங்கால் உயரம்கூட இல்லை. சில, நம் வயல் வரப்பில் நடும் எல்லைக்கல் அளவுதான் இருக்கின்றன. மழையும் பாசியும் தின்று, பலவற்றில் எழுத்தே தெரியவில்லை. ஒரு கல்லின் முன்னால் யாரோ சிறு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் வைத்திருந்தார்கள். அதில் ஒரு காகிதப்பூ இதழ் விழுந்து மிதந்தது. அருகே இருந்த கல் ஒரு பக்கம் சாய்ந்து, பக்கத்துக் கல்லின் தோளில் தலை வைத்தாற்போல் நின்றது.

ஜப்பானிய எழுத்து தெரியாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. மகள் முந்தைய நாள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள். அவர்கள் ஆண்டுகளைப் பேரரசரின் காலத்தைக் கொண்டு எண்ணுகிறவர்கள். மெய்ஜி காலத்தின் முதலாண்டு 1868. எண்களில் ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவை முறையே ஒரு கிடைக்கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு. பத்து என்பது நம் கூட்டல் குறி. ஆக, மெய்ஜி என்ற இரண்டு எழுத்துக்குக் கீழே மூன்று கோடு, கூட்டல் குறி, மறுபடி மூன்று கோடு என்று இருந்தால் அது மெய்ஜி 33. அதனுடன் 1867-ஐக் கூட்டினால் 1900. அந்தத் தாளை வைத்துக்கொண்டு குனிந்து குனிந்து ஒவ்வொரு கல்லாகப் படிக்கத் தொடங்கினேன். பத்துக் கற்களுக்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது என்றாலும், அதுவரை வெறும் பாறைத் துண்டுகளாக இருந்தவை ஒவ்வொன்றும் ஓர் ஆண்டாக, ஒரு நாளாக, ஒருத்தி இறந்த நாளாக மாறிவிட்டன. இந்தப் பூங்காவுக்கு எடுத்துப்போக வேண்டிய பொருள் எதுவென்று என்னைக் கேட்டால், குடைக்கு முன்னால் அந்தத் தாளைத்தான் சொல்வேன்.

1920-இல் ஜப்பானியத் தூதரகமே முன்னின்று இந்த விடுதிகளை மூடியது. நாடு வல்லரசாகிவிட்ட பிறகு, தன் பெண்கள் அயலூர்த் தெருவில் நிற்பது அதற்கு மானக்கேடாகப் பட்டது. அவர்கள் அனுப்பிய பணம் எத்தனை குடும்பங்களுக்குக் கூரை போட்டது என்பது அப்போது யாருக்கும் நினைவுக்கு வந்ததாகத் தெரியவில்லை.

இடையில் இருப்பவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் குடியேறிய முதல் ஜப்பானியராகக் கருதப்படும் ஓதோகிச்சி ஒரு மாலுமி. 1832-இல் அவருடைய சரக்குக் கப்பல் புயலில் சிக்கி, பதினான்கு மாதம் பசிபிக் கடலில் அலைந்து அமெரிக்கக் கரையில் ஒதுங்கியது. அன்றைய ஜப்பான் வெளியே போனவர்களை மீண்டும் உள்ளே விடாது. எனவே ஷாங்காயிலும் பிறகு சிங்கப்பூரிலுமாக வாழ்ந்து 1867-இல் இங்கேயே இறந்தார். வேறொரு கல்லறைத் தோட்டத்தில் கிடந்த அவருடைய எச்சங்களை 2004-இல் கண்டுபிடித்து, எரியூட்டி, சாம்பலில் ஒரு பகுதியை இங்கு வைத்திருக்கிறார்கள். மறுபகுதி அடுத்த ஆண்டு அவருடைய ஊருக்குப் போனது. நாடு திரும்ப 173 ஆண்டு ஆயிற்று. ரஷ்ய இலக்கியத்தை ஜப்பானியருக்கு அறிமுகப்படுத்திய ஃபுதபாதெய் ஷிமெய் என்னும் எழுத்தாளருக்கும் இங்கே ஒரு நினைவுக் கல் உண்டு. ரஷ்யாவிலிருந்து நோயுடன் ஊர் திரும்புகையில் 1909 மே மாதம் நம் வங்காள விரிகுடாவில் கப்பலிலேயே உயிர் பிரிய, சிங்கப்பூரில் இறக்கி எரியூட்டினார்கள். மலாயாவின் திரங்கானுவில் வளர்ந்து, கொள்ளைக்காரராகி, கடைசியில் ஜப்பானியப் படைக்கு ஒற்றராக இருந்து 1942-இல் மலேரியாவில் மாண்ட தானி யுதகாவின் நினைவிடத்தைப் பார்க்கத்தான் இளவட்டங்கள் அதிகம் வருவதாகச் சொன்னார்கள். எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடு ஏற்படவில்லை.

பூங்காவின் ஒரு மூலையில், மற்றெல்லாவற்றையும்விடப் பெரிதாக, சுற்றிலும் இடம் விட்டு, ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. ஃபீல்டு மார்ஷல் தெராவுச்சி ஹிசாய்ச்சியினுடையது. ஜப்பானின் பிரதமராக இருந்தவருடைய மகன். இரண்டாம் உலகப் போரில் மலாயா, சயாம் (இன்றைய தாய்லாந்து), பர்மா, இந்தோசீனா, பிலிப்பைன்ஸ் எனத் தெற்கு முழுவதும் பரவியிருந்த படைகளின் தலைவர். 1945 செப்டம்பர் 12 அன்று, இப்போது தேசிய கலைக்கூடமாக இருக்கும் நகராட்சிக் கட்டடத்தில் ஜப்பானியப் படை சரணடைந்தபோது அவர் வரவில்லை. பக்கவாதத்தில் படுத்திருந்தார், வேறொரு தளபதி கையொப்பமிட்டார். விசாரணை எதையும் சந்திக்காமலே 1946 ஜூன் 12 அன்று ஜொகூரின் ரெங்கத்தில் இறந்துபோனார். கலைக்கூடத்துக்குப் போகிற தமிழ்ச் சுற்றுலாப் பயணிகள் அங்கே ஓவியங்களைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அந்தக் கட்டடத்தின் மீதி வரலாறு இந்தப் புல்வெளியில் கிடக்கிறது.

இந்தக் கல்லின் முன்னால் நான் நின்ற நேரம் மற்ற எல்லாக் கற்களுக்கும் சேர்த்து நின்றதைவிட அதிகம். காரணம் இருக்கிறது. சயாமையும் பர்மாவையும் இணைக்க 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபருக்குள் போட்டு முடித்த 415 கிலோமீட்டர் ரயில் பாதை, அதாவது நம்மவர்கள் சயாம் மரண ரயில் என்று சொல்லும் பாதை, இவருடைய தென்படையின் பொறுப்பில் நடந்த வேலை. அதில் மாண்ட வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். அவர்களுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இறந்தவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பகுதி, ரப்பர் வாங்க ஆளில்லாமல் தோட்டத்தில் வேலை நின்றுபோய்க் கிடந்த தமிழர்கள். ஆசை காட்டி அழைத்துப் போனது பாதி, லாரியில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனது பாதி. மழைக்காலத்தில் வாந்திபேதி வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள். பெயர்ப் பட்டியல் இல்லாததால் எத்தனை பேர் என்பதே இன்றுவரை மதிப்பீடாகத்தான் இருக்கிறது.

எங்கள் அப்பத்தாவின் அண்ணன் அவர்களில் ஒருவர் என்று வீட்டில் நம்புகிறோம். நம்புகிறோம் என்றுதான் சொல்ல முடியும். சிவகங்கைப் பக்கத்திலிருந்து மலாயாவுக்குத் தோட்ட வேலைக்குப் போனவர். போர் முடிந்து பல மாதம் கழித்து, உடன் வேலை பார்த்த ஒருவர், 'அவரைச் சயாமுக்குக் கொண்டு போனார்கள், திரும்பவில்லை' என்று ஒரு வரி எழுதிப் போட்டார். இறந்த தேதி தெரியாததால் திதி கிடையாது. எனவே ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் அப்பத்தா ஓர் இலையில் சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்து, ஓரத்தில் ஒரு சுருட்டையும் வைப்பார். சுருட்டுப் பிடிக்கிற அண்ணனாம். அப்பத்தாவுக்குப் பிறகு அம்மா வைத்தார்; இப்போது சுருட்டு கிடைப்பதில்லை என்று தம்பி மனைவி பீடி வைக்கிறாள்.

சற்று முன் கற்களில் படித்த கணக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லைக்கல் அளவுள்ள அந்தச் சின்னக் கற்களில், பெற்ற வீட்டாரே விலைக்குக் கொடுத்துவிட்ட பெண்களுக்குக்கூட ஒரு மெய்ஜி ஆண்டும் ஒரு மாதமும் ஒரு நாளும் இருக்கின்றன. மார்ஷலுக்கு நாள் மட்டுமல்லாமல் மேடையும் படியும் இருக்கின்றன. சுருட்டுப் பிடித்தவருக்கு ஒன்றும் இல்லை. கோபம் வந்ததா என்று மகள் இரவில் கேட்டாள். வந்தது. ஆனால் அந்தக் கல்லை அங்கிருந்து எடுத்துவிட வேண்டும் என்று தோன்றவில்லை. ஒரே வேலிக்குள் அவரும் அந்தப் பெண்களும் இருப்பதால்தான் இரண்டு அளவுகளையும் ஒரே நடையில் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. தெராவுச்சிக்கு மட்டும் தனியாக நினைவிடம் இருந்திருந்தால் நான் போயிருக்கமாட்டேன்.

சாங்கிச் சிறையில் போர்க்குற்றங்களுக்காக மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட 135 பேரின் சாம்பலும் இங்கேதான் இருக்கிறது. அந்த இடம் அடக்கமானது, தேடினால்தான் தெரியும். அங்கே நான் அதிக நேரம் நிற்கவில்லை.

நிழலுக்காக வாயில் பக்கம் திரும்பி வந்தபோது, மரத்தடியில் பசுமை நிறச் சட்டை போட்ட ஓர் இளைஞர் தொப்பியை முகத்தில் கவிழ்த்துப் படுத்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டு எழுந்து, என் நெற்றித் திருநீற்றைப் பார்த்துவிட்டு, "ஐயா, நம்ம ஊருங்களா?" என்றார். அறந்தாங்கிக்காரர். வெளியே சாலையோரம் புல் வெட்டும் குழுவில் வேலை; சாப்பாட்டு இடைவேளையில் இங்கே வந்து படுத்துக்கொள்வாராம்.

"வேற எங்க படுத்தாலும் யாராச்சும் வந்து எழுப்பிருவாங்கய்யா. இங்க ஒருத்தரும் எழுப்ப மாட்டாங்க."

இது யாருடைய கல்லறை தெரியுமா என்று கேட்டேன். "சீனவுங்களோடதுன்னு நெனச்சேன்" என்றார். ஜப்பான்காரர்களுடையது என்று சொல்லி, மூலையில் இருக்கும் பெரிய கல்லைக் காட்டி, சயாம் ரயிலைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எங்க ஊர்லயும் சொல்லுவாங்கய்யா, மலேயாவுக்குப் போனவுக கொஞ்சப் பேர் வரவே இல்லன்னு" என்றவர், மணியைப் பார்த்துவிட்டு, பாட்டிலில் இருந்த தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு, தோளில் இயந்திரத்தை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஐந்தாவது நிமிடம் வெளியே புல் வெட்டும் ஓசை கேட்டது. அதுவரை அமைதியாக இருந்த பூங்காவில் அன்று நான் கேட்ட பெரிய சத்தம் அதுதான்; அது எனக்கு இடைஞ்சலாகவும் படவில்லை.

இனி, போகிறவர்களுக்கான குறிப்புகள். உள்ளே கடை கிடையாது. தண்ணீரைக் கையோடு கொண்டு போக வேண்டும். காகிதப்பூப் பந்தலும் மரங்களும் உள்ள பகுதி தவிர மற்ற இடமெல்லாம் திறந்த வெயில். எனவே காலை எட்டரை ஒன்பதுக்குள் போவது நல்லது. முடியாவிட்டால் நாலு மணிக்கு மேல். மாலை ஆறரைக்கு வாயிலை மூடுகிறார்கள். மழை பெய்த மறுநாள் போனால் புல்லில் கொசு இருக்கும், முழுக்கால் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். நடைபாதை சமதளம், சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் பிரதான வழியைச் சிரமமில்லாமல் சுற்றலாம், ஆனால் சின்னக் கற்களை நெருங்கிப் படிக்கப் புல்லில் இறங்கத்தான் வேண்டும். விளையாட்டுத் திடலோ ஊஞ்சலோ இல்லாததால், சிறு பிள்ளைகளை அழைத்துப்போனால் கால் மணியில் சிணுங்கத் தொடங்கிவிடுவார்கள். பராமரிப்பை ஜப்பானியர் சங்கம் பார்த்துக்கொள்கிறது. நான் இருந்தவரை ஒரு காகிதக் குப்பைகூடக் கண்ணில் படவில்லை. 1973-க்குப் பிறகு புதிதாக யாரையும் இங்கு புதைப்பதில்லை. 1987-இல் இதை நினைவுப் பூங்காவாக அறிவித்தார்கள். என்றாலும், பூவோடு வருகிற குடும்பங்கள் இன்னும் உண்டு. அவர்கள் நிற்கும்போது படம் எடுக்காதீர்கள். கல்லின் மேல் பையை வைக்காதீர்கள். நான் கண்ணாடியைத் துடைக்க ஒரு நொடி வைத்துவிட்டு, பின்னால் அந்த ஜப்பானியப் பெண்மணி நிற்பதைப் பார்த்து வெட்கத்தோடு எடுத்துக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் தாழ்த்தினார்.

பசித்தால் கோவன் நிலையத்துக்கே திரும்பி வாருங்கள்; அருகில் உணவங்காடி நிலையம் இருக்கிறது. சுத்த சைவர்கள் சாப்பாட்டை லிட்டில் இந்தியாவுக்குத் தள்ளிப்போடலாம், அதே ரயில் பாதைதான்.

இன்னொரு தடவை போனால் ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்வேன். மறுநாள் சனிக்கிழமை, பேத்திக்குப் பனிக்கூழ் வாங்கித் தருவதற்காகப் புகிஸ் ஜங்ஷன் வணிக வளாகத்துக்குப் போயிருந்தோம். பழைய தெருக்களை அப்படியே வைத்து மேலே கண்ணாடிக் கூரை போட்டுக் குளிரூட்டியிருக்கிறார்கள். சுவரில் தெருப் பெயர்கள்: மலாய் தெரு, ஹைலாம் தெரு, மலபார் தெரு. அந்தப் பெண்கள் இருந்த விடுதிகள் இந்தத் தெருக்களில்தான் இருந்தன. முந்தைய நாள் குனிந்து படித்த மெய்ஜி ஆண்டுகளில் இங்கே மாடி வராந்தாவில் விளக்கு எரிந்திருக்கும். இப்போது காலணிக் கடையும் பொம்மைக் கடையும் இருக்கின்றன. ஆகவே முதலில் புகிஸுக்குப் போய், அந்த மூன்று தெருக்களையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நகர மைய ரயில் பாதையில் இரண்டு நிறுத்தம் ஏறி லிட்டில் இந்தியாவில் மாறி, அங்கிருந்து ஆறாவது நிறுத்தமான கோவனில் இறங்குங்கள். அவர்களும் அங்கிருந்துதான் இங்கே வந்தார்கள்.